தட்டுமுட்டுச் சாமானும் ஹாட் டிஸ்க்கும்: ஜீனோம் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு பின்னேரம், கம்பஸில் படிக்கிற தம்பி ஒருவர் லப்டொப்பையும் ஒரு ஹாட் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணை, டிஸ்க் நிரம்பிட்டுது, எதை அழிக்கிறது எண்டு தெரியேல்லை" என்றார். திறந்து பார்த்தால் ஒரே ஒரு மனிதரின் ஜீனோம், அதாவது அவருடைய முழு டிஎன்ஏ. அதே தகவல் நாலு வடிவத்தில் நாலு தடவை கிடக்கிறது, எல்லாமாக நானூறு ஜீபீக்கு மேல். தேத்தண்ணி வந்தபிறகு இன்னொன்றும் கேட்டார்: "மனிசன்ர டிஎன்ஏயில 98 வீதம் குப்பை எண்டுதானே ரியூசனில சொன்னவை, அப்ப ஏன் முழுசா இறக்கிறம்? மற்ற 2 வீதத்தை மட்டும் எடுத்தால் காணாதே?"

அவருக்கு இவை இரண்டு கேள்விகள். எனக்கு ஒரே கேள்வியாகத்தான் பட்டது. ஜீனோம் டேட்டாவில் எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கிற ஒவ்வொரு தடவையும் "குப்பை டிஎன்ஏ" சண்டையில் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பக்கத்தில் போய் நிற்கிறோம். அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஏ எல் உயிரியல் படித்திருந்தால் போதும். கணினி பெரிதாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பழகப் பழக வரும்.

முதல் வேலை: சொல்லைத் திருத்துவது

1972இல் கலிபோர்னியாவில் வேலை செய்த மரபியலாளர் சுசுமு ஓனோ, நம்முடைய ஜீனோமில் எவ்வளவு "ஜங்க்" இருக்கிறது என்று எழுதினார். அதிலிருந்துதான் அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. நாங்கள் அதைக் குப்பை என்று தமிழாக்கியதோடு பாதிப் பிழை தொடங்கிவிட்டது. குப்பை என்றால் கூட்டி அள்ளி வெளியே கொட்டுவது. சிட்னி பிரென்னர் என்ற உயிரியலாளர் பின்னாளில் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்: எறிவது வேறு, எறியாமல் வைத்திருப்பது வேறு, ஜங்க் என்பது இரண்டாவது. அதற்கு நம்மிடம் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, தட்டுமுட்டுச் சாமான்.

எங்கள் அப்பப்பா வீட்டில் ஒரு சாமான் அறை இருந்தது. கால் உடைந்த கதிரை, மூடி இல்லாத போத்தல்கள், துருப்பிடித்த சைக்கிள் ரிம், யாருடையது என்றே தெரியாத ஒரு தகரப் பெட்டி. அறை பெரிது, வாடகை இல்லை, எறிய ஒருவருக்கும் மனமும் இல்லை, அவ்வளவுதான் காரணம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து, கரண்ட்டும் இல்லை பற்றரியும் இல்லை என்று ஆனபோது அந்த அறையிலிருந்து ஒரு சைக்கிள் டைனமோ வெளியே வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து ரேடியோவில் செய்தி கேட்டோம். அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதில் கவனிக்க மூன்று விஷயம். டைனமோ உண்மையிலேயே பயன்பட்டது. ஆனால் ரேடியோ கேட்பதற்காக அதை ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. கடைசியாக, டைனமோ பயன்பட்டது என்பதற்காகக் கால் உடைந்த கதிரைக்கும் ஏதோ இரகசிய வேலை இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஜீனோமிலும் அப்படித்தான். நம் டிஎன்ஏயில் ஏறத்தாழ 8 வீதம் பழைய ரெட்ரோவைரசுகள் விட்டுப்போன மிச்சம். அதில் ஒரு வைரசின் உறைப் புரதத்துக்கான மரபணு இன்றைக்குச் சின்சிட்டின் என்ற பெயரில் சூல்வித்தகம் உருவாக உதவுகிறது. அதாவது தாயின் வயிற்றில் பிள்ளை வளர ஒரு பழைய வைரசின் துண்டும் வேலை செய்கிறது. அழகான கதை. இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு முழு 8 வீதத்துக்கும் வேலை இருக்கிறது என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்தக் கதிரைதான் ஞாபகம் வரும்.

இரண்டாவது: "புரதம் செய்யாதது" வேறு, "தட்டுமுட்டு" வேறு

ரியூசன் கணக்கு பிழைக்கிற இடம் இது. மனித ஜீனோம் ஏறத்தாழ 310 கோடி எழுத்து (ஏ, சி, ஜி, டி என்ற நாலு எழுத்துத்தான்). புரதத்துக்கு நேரடியாகக் குறிப்பெழுதுகிற பகுதி அதில் 1 முதல் 2 வீதம், மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. சரி, மிச்சம் 98 வீதம். அந்த 98ம் தட்டுமுட்டு என்று இந்தத் துறையில் இருக்கிறவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. மரபணுவை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்று தீர்மானிக்கும் பகுதிகள் புரதக் குறிப்புக்கு வெளியே இருக்கின்றன என்பது 1961இல் ஜாக்கோப், மொனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் எழுதிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

ஒரு மரபணுவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஈமோகுளோபினின் பீட்டாச் சங்கிலிக்கான மரபணு, 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, மிகச் சின்னது, ஏறத்தாழ 1,600 எழுத்து. அதில் புரதக் குறிப்பு 444 எழுத்துதான். இடையில் இரண்டு இன்ட்ரோன்கள், அதாவது புரதக் குறிப்பு இல்லாத இடைத்துண்டுகள், ஒன்று 130 எழுத்து, மற்றது 850. ஆர்என்ஏ பிரதியிலிருந்து இன்ட்ரோன்களைக் கலம் வெட்டி எறிந்துவிடும். எறிவதுதானே என்று விடலாமா? முதலாவது இன்ட்ரோனின் ஐந்தாவது எழுத்தில் ஜி இருக்கவேண்டிய இடத்தில் சி வந்தால் வெட்டு சரியாக விழாது, பீட்டாத் தலசீமியா. இலங்கையிலும் இந்தியாவிலும் தலசீமியாவுக்குக் காரணமான விகாரங்களில் மிகப் பரவலானவற்றுள் இது ஒன்று. புரதக் குறிப்பை மட்டும் பார்ப்பேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிற பிள்ளையின் நோய்க் காரணம் அவர் கண்ணில் படாமலே போகலாம்.

மருந்தும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி என்ற கிறிஸ்பர் (டிஎன்ஏயை வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சை, பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் இன்ட்ரோனுக்குள் இருக்கிற ஒரு கட்டுப்பாட்டுத் துண்டை வெட்டுகிறது. அது வெட்டுப்பட்டதும் தாயின் வயிற்றில் இருந்த காலத்து ஈமோகுளோபின் மறுபடி உண்டாகத் தொடங்கும். புரதம் ஒன்றையும் தொடவில்லை.

மூன்றாவது: "தொழிற்பாடு" என்று ஒருவர் சொன்னால் எந்தத் தொழிற்பாடு என்று கேளுங்கள்

உரும்பிராய்ப் பக்கம் காலையில் போனால் வெங்காயத் தோட்டத்தில் வாட்டர் பம் ஓடுகிற சத்தம் கேட்கும். பம்பின் வேலை என்ன? தண்ணீர் இறைப்பது. பம் வேறென்ன செய்கிறது? சத்தம் போடுகிறது, புகை விடுகிறது, சூடாகிறது. பக்கத்துக் காணிக்காரர் சத்தத்தைக் கேட்டு "ஓ, இறைப்புத் தொடங்கிட்டுது" என்று தெரிந்துகொள்ளவும் கூடும். ஆனால் சத்தத்துக்காக ஒருவரும் பம் வாங்குவதில்லை.

2012 செப்டெம்பரில் மனித ஜீனோமின் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று தேடிய என்கோட் என்ற பெரிய திட்டத்தின் 30 கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. ஜீனோமின் 80 வீதத்தில் உயிர்வேதியியல் தொழிற்பாடு இருக்கிறது என்றார்கள். ஆர்என்ஏயாகப் படியெடுக்கப்படுகிறதா, ஏதாவது புரதம் வந்து ஒட்டுகிறதா, இப்படியான அடையாளங்களை எல்லாம் எண்ணினார்கள். பத்திரிகைகள் "குப்பை டிஎன்ஏ கதை முடிந்தது" என்று தலைப்புப் போட்டன. அடுத்த வருடமே டான் கிரௌரும் கூட்டாளிகளும் கடும் கோபத்தோடு மறுத்து எழுதினார்கள். அவர்கள் கேட்டது பம் கேள்விதான்: சத்தத்தை எண்ணிவிட்டுத் தண்ணீர் என்று சொல்கிறீர்களா? 2014இல் என்கோட்காரர்களே, உயிர்வேதியியல் அடையாளம், கூர்ப்புச் சான்று, கெடுத்துப் பார்க்கும் மரபியல் சோதனை என்ற மூன்றும் வேறு வேறு அளவுகோல்கள், வேறு வேறு எண்ணிக்கை தரும் என்று நிதானமாக எழுதினார்கள்.

கூர்ப்புச் சான்று என்றால், இயற்கைத் தேர்வு ஓர் எழுத்தை மாறவிடாமல் காப்பாற்றி வந்திருக்கிறதா என்று பார்ப்பது. 2014இல் ஒக்ஸ்போர்ட் கணக்கு 8.2 வீதம் என்றது. 2023இல் 240 முலையூட்டிகளை ஒப்பிட்ட ஸூனோமியா என்ற திட்டம் குறைந்தது 10.7 வீதம் என்றது. எண்பதோ பத்தோ என்று சண்டை பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பொருளை இரண்டு தராசில் நிறுக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை 2024இல் வந்தது. நியூயோர்க்கில் ஒரு குழு, மனித ஜீனோமின் ஒரு இலட்சம் எழுத்துள்ள ஒரு துண்டை எடுத்து, வலமிருந்து இடமாகத் தலைகீழாக எழுதி, செயற்கையாகச் செய்து, ஈஸ்ட்டுக்குள்ளும் எலியின் மூலக்கலத்துக்குள்ளும் போட்டது. தலைகீழாக எழுதினால் அர்த்தம் இருக்க நியாயமில்லை, தேவாரத்தைக் கடைசி எழுத்திலிருந்து படிப்பதுபோல. ஈஸ்ட் அதை எல்லா இடத்திலும் ஆர்என்ஏயாகப் படியெடுத்தது. எலிக் கலம் அடக்கி வைத்தது. ஆக, படியெடுக்கப்படுகிறது என்பது சில நேரம் அந்தக் கலத்தின் பழக்கமே தவிர, எழுத்தின் பெறுமதிக்குச் சான்று இல்லை.

மறுபக்கம், வெட்டிப் பார்த்தும் இருக்கிறார்கள். 2004இல் எலிகளில் மரபணு இல்லாத இரண்டு நீண்ட பகுதிகளை நீக்கினார்கள், ஒன்று 15 இலட்சம் எழுத்து, மற்றது 8 இலட்சத்துக்கு மேல். எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டியும் போட்டன.

வெங்காயமும் பேத்தையும்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வெங்காயத்தை விட்டுவிட்டு இதை எழுத முடியாது. வெங்காயத்தின் ஜீனோம் ஏறத்தாழ 1,600 கோடி எழுத்து, நம்முடையதைப் போல ஐந்து மடங்கு. நம் சின்ன வெங்காயமும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். 2007இல் ரயன் கிரெகரி என்பவர் இதை ஒரு சோதனையாகவே வைத்தார்: எல்லா டிஎன்ஏக்கும் வேலை இருக்கிறது என்று யாராவது சொன்னால், மனிதனைவிட ஐந்து மடங்கு வேலை வெங்காயத்துக்கு ஏன் என்று கேளுங்கள். அதோடு வெங்காயக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு இனத்துக்கும் இன்னொன்றுக்கும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே, அது ஏன்?

அடுத்தது பேத்தை. பாசையூரிலோ குருநகரிலோ வலையில் வந்தால் தூக்கி எறிகிற அதே ஊதுகிற நச்சு மீன். அதன் ஜப்பானிய உறவான ஃபுகுவின் ஜீனோம் ஏறத்தாழ 40 கோடி எழுத்துதான், நம்முடையதில் எட்டில் ஒன்று. மரபணுக்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட நம் அளவு. அதாவது சாமான் அறையே இல்லாத வீடு. முதலில் இதைப் படிக்கவேண்டும் என்று 1993இல் சொன்னவர்களில் மேலே வந்த அதே பிரென்னரும் ஒருவர், காரணம் தேடுவது சுலபம், இடையில் தட்டுமுட்டு குறைவு.

பிள்ளைக் கணக்கு ஒன்றும் உண்டு. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றாரிடம் இல்லாத 60, 70 புதிய விகாரங்கள் இருக்கும். 80 வீத எழுத்தும் முக்கியம் என்றால் அவற்றில் பெரும்பாலானவை கெடுதல் செய்யவேண்டும், அந்தச் சுமையைக் கழுவ ஒவ்வொரு தாயும் நம்பமுடியாத எண்ணிக்கையில் பிள்ளை பெறவேண்டும். எங்கள் அம்மம்மா பதினொன்று பெற்றவர், அதுவும் காணாது.

என் கருத்து? பெரும்பகுதி தட்டுமுட்டுத்தான். ஆனால் கையில் ஓர் எழுத்தைக் காட்டி இது தட்டுமுட்டா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்ல முடியாது. டேட்டாவில் கைவைக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்து ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

இனி டேட்டா: ஏன் இவ்வளவு வீங்குகிறது

நாலு எழுத்து என்றால் ஓர் எழுத்துக்கு இரண்டு பிட் போதும். 310 கோடி எழுத்துக்கு 775 எம்பீ, பழைய சீடி ஒன்றில் கொஞ்சம் வழியும். அப்படியிருக்க நானூறு ஜீபீ எப்படி வந்தது?

இயந்திரம் ஜீனோமை ஒரேயடியாக வாசிப்பதில்லை. 150 எழுத்துத் துண்டுகளாக, ஒவ்வொரு இடத்தையும் சராசரி 30 தடவை வாசிக்கிறது. ஒவ்வொரு எழுத்தோடும் "இது சரியாக இருக்கும் என்று எவ்வளவு நிச்சயம்" என்று ஒரு தரப் புள்ளியும் வருகிறது. சுருக்கினாலும் ஏறத்தாழ 60 ஜீபீ வரும், அந்தத் தரப் புள்ளிகள் இலேசில் சுருங்காது. இது பாஸ்ட்கியூ பைல். பிறகு ஒவ்வொரு துண்டும், எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிற மாதிரி ஜீனோமில் எங்கே பொருந்துகிறது என்று ஒட்டிப் பார்க்கிறோம், அது சாம் பைல், சுருக்கப்படாத வெறும் எழுத்து, ராட்சசன். அதைச் சுருக்கினால் பாம், மூன்று நாலு மடங்கு சிறியது. அந்தத் துண்டுகளை இடத்தின்படி வரிசைப்படுத்தினால் இன்னொரு பாம். கடைசியில் இந்த மனிதர் மாதிரியிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறார் என்ற பட்டியல், விசிஎஃப், 40 முதல் 50 இலட்சம் வரி, சுருக்கினால் ஒரு ஜீபீக்குள். தம்பியின் டிஸ்க்கில் இருந்தது இந்த ஊர்வலம் முழுவதும்.

உலகத்திலும் இதே கதைதான். 2015இல் வந்த ஒரு மதிப்பீடு, 2025 அளவில் மனித ஜீனோம்களைச் சேமிக்க மட்டும் 2 முதல் 40 எக்ஸாபைட் (ஒரு எக்ஸாபைட் நூறு கோடி ஜீபீ) தேவைப்படலாம் என்றது. யூகே பயோபாங்க் ஏறத்தாழ 5 இலட்சம் பேரின் முழு ஜீனோமை வைத்திருக்கிறது, 27 பெற்றாபைட்டுக்கு (ஒன்று பத்து இலட்சம் ஜீபீ) மேல். அதை ஒருவரும் வீட்டுக்கு இறக்குவதில்லை. டேட்டா இருக்கிற இடத்துக்கு வேலையை அனுப்புகிறார்கள், நாங்களும் முடிந்தவரை அப்படித்தான் செய்யவேண்டும்.

இறக்க முன் பாருங்கள்

முதல் ஒரு மாதம் ஒன்றையும் இறக்கவேண்டாம். யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் என்ற இலவச இணையத் தளத்தைப் போனிலோ லப்டொப்பிலோ திறந்து, மாதிரி ஜீனோம் 38ஆவது பதிப்பைத் தெரிவு செய்து, 2ஆம் நிறமூர்த்தம், 135,851,076 என்ற இடத்துக்குப் போங்கள். ஒரே ஓர் எழுத்து. எம்சிஎம்6 என்ற மரபணுவின் 13ஆவது இன்ட்ரோனுக்குள் இருக்கிறது, ஆனால் அது கட்டுப்படுத்துவது ஏறத்தாழ 14,000 எழுத்துத் தள்ளி இருக்கிற பால்வெல்லத்தைச் செமிக்க வைக்கும் லாக்டேஸ் மரபணுவை. வட ஐரோப்பியர் பலர் வளர்ந்தபிறகும் வயிறு ஊதாமல் பால் குடிப்பது இந்த எழுத்து மாறியதால்.

இங்கே மூன்று குழியும் இருக்கிறது, எல்லாவற்றிலும் நான் விழுந்திருக்கிறேன். ஒன்று, கட்டுரைகள் இதை சி, டி என்று எழுதும், பிரவுசரில் ஜி, ஏ என்று இருக்கும், ஏனென்றால் மரபணு எதிர் இழையில் ஓடுகிறது. இரண்டு, பழைய 37ஆவது பதிப்பில் இதே எழுத்தின் இடம் 136,608,646. பதிப்பை எழுதாமல் இடத்தை மட்டும் எழுதி வைத்தால், ஊர் பெயர் இல்லாமல் "கோயிலடி" என்று விலாசம் எழுதியதற்குச் சமம். மூன்று, சில பைல்கள் நிறமூர்த்தத்தை வெறும் 2 என்று எழுதும், சில முன்னால் மூன்று ஆங்கில எழுத்துச் சேர்த்து எழுதும். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் மென்பொருள் சில நேரம் பிழை என்றுகூடச் சொல்லாது, வெற்றுப் பதில் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஒரு கிழமை போனது எனக்கு.

பிறகு 11ஆம் நிறமூர்த்தத்தில் அந்த பீட்டாக் குளோபினுக்குப் போய், முலையூட்டி ஒப்பீட்டுத் தடத்தையும், திரும்பத் திரும்ப வருகிற துண்டுகளைக் காட்டும் ரிப்பீட்மாஸ்கர் தடத்தையும், என்கோட் தடங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்கே கூர்ப்பு எழுத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது, எங்கே ஜீனோமுக்குள் இடம்விட்டு இடம் தாவிய பழைய துண்டுகள் கிடக்கின்றன, எங்கே வெறும் சத்தம் என்று ஒரே திரையில் தெரியும். பத்துக் கட்டுரை படிப்பதைவிட அரை மணித்தியாலம் இதைப் பார்ப்பது மேல்.

நம்மவர் டேட்டாவும் இருக்கிறது. 2015இல் முடிந்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் 2,504 பேரில் 102 பேர் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர், எஸ்டியூ என்ற குறியில் கிடைக்கும். அந்த லாக்டேஸ் எழுத்து அவர்களில் எத்தனை பேரிடம் மாறியிருக்கிறது என்று என்சம்பிள் தளத்தில் நீங்களே எண்ணிப் பாருங்கள். பால் தேத்தண்ணி பற்றி வீட்டில் ஒரு நல்ல வாக்குவாதத்துக்கு உதவும்.

இறக்கத்தான் வேண்டும் என்றால்

முழுப் பைலை இறக்காதீர்கள். வரிசைப்படுத்திய பாம், கிராம் (பாமைவிடச் சுருங்கிய வடிவம், கீழே வரும்), விசிஎஃப் பைல்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணைப் பைல் இருக்கும். சாம்டூல்ஸ், டாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் அந்த அட்டவணையைப் பார்த்து, தூரத்து சேர்வரில் இருக்கிற பைலிலிருந்து உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துத் தரும். பீட்டாக் குளோபின் மட்டும்தான் வேண்டுமென்றால் சில எம்பீயோடு வேலை முடிந்தது. புதியவர்கள் பலருக்கு இது தெரியாது, தெரியாததால்தான் டேட்டாக் கார்ட் கரைகிறது.

முழுதாகத்தான் வேண்டுமென்றால் கணக்குப் போடுங்கள். 60 ஜீபீ, விநாடிக்கு 20 மெகாபிட் கோடு, ஒரு இடைஞ்சலும் இல்லாவிட்டால் ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்ட. நம் ஊரில் இடைஞ்சல் இல்லாத ஏழு மணித்தியாலம் கிடைத்தால் அன்றைக்கு நல்லூரில் ஒரு தேங்காய் உடைக்கலாம். இரவு டேட்டா இருக்கிற பொதியில், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய இறக்கியைப் பாவியுங்கள், பிரவுசரின் டவுன்லோட் பட்டனை நம்பாதீர்கள்.

இறங்கியதும் எம்டி5 சரிபார்ப்பு, பைல் முழுதாக, பழுதில்லாமல் வந்ததா என்று காட்டுவது. இதைச் செய்யாததால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு இரவு இறக்கினேன், இரண்டாம் இரவு கரண்ட் போய் வந்தது, காலையில் பார்த்தால் பைல் இருக்கிறது, பருமனும் கிட்டத்தட்டச் சரி. ஓடவிட்டேன். இரண்டரை நாள் லப்டொப் அடுப்பு மாதிரிச் சுட்டது. கடைசிக் கட்டத்தில் "பைல் பாதியில் முடிந்திருக்கிறது" என்று வந்தது. எம்டி5 பார்க்கப் பத்து நிமிடம் வீண் என்று யாராவது சொன்னால் இரண்டரை நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

லப்டொப் காணாவிட்டால் கலக்ஸி, இந்த வேலைகளை இணையத்திலேயே ஓடவிடுகிற தளம். இணையத்தில் கணக்குத் திறந்தால் 250 ஜீபீ இடமும் மென்பொருள்களும் இலவசம். பைலை சேர்வரிலிருந்து சேர்வருக்கு நேராக இழுக்கும், உங்கள் கோட்டால் வராது.

எதை அழிக்கலாம் (தம்பி கேட்டது)

சாம் பைலை யோசிக்காமல் அழியுங்கள். வரிசைப்படுத்தாத பாமையும் அழியுங்கள். வரிசைப்படுத்திய பாமை கிராமாக மாற்றுங்கள், ஏறத்தாழ பாதியாகும். கிராம் செய்வது என்னவென்றால், வகுப்பில் எல்லாரிடமும் ஒரே போட்டோகொப்பி நோட்ஸ் இருக்கும்போது "4ஆம் பக்கம் 7ஆம் வரியில் மட்டும் மாற்றம்" என்று சொல்வதுபோல, மாதிரி ஜீனோமிலிருந்து வித்தியாசத்தை மட்டும் எழுதி வைப்பது. அந்த நோட்ஸ் தொலைந்தால் திருத்தம் ஒன்றுக்கும் உதவாது, ஆகவே எந்த மாதிரி ஜீனோமோ அதே பைலைக் கூடவே வையுங்கள். பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்த பாஸ்ட்கியூ என்றால் அழிக்கலாம், களஞ்சியம் அதற்குக் கொடுத்த இலக்கத்தை எழுதி வைத்தால் பிறகும் எடுக்கலாம். உங்கள் ஆய்வுகூடத்தில் நீங்களே வாசித்தது என்றால் அது உலகத்தில் வேறெங்கும் இல்லை, இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். நம் உப்புக் காற்றுக்கு ஹாட் டிஸ்க் எத்தனை வருடம் நிற்கும் என்று உத்தரவாதம் தர ஆளில்லை. ஓடவிட்ட கட்டளைகளை ஒரு எழுத்துப் பைலில் வைத்திருங்கள், அதுதான் எல்லாவற்றிலும் சிறியது, எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வைப்பதும் அதுதான்.

அந்தத் தம்பியின் டிஸ்க் அன்றிரவே நூறு ஜீபீக்குக் கீழே வந்தது.

எக்ஸோமா, முழு ஜீனோமா

2 வீதத்தை மட்டும் எடுத்தால் காணாதா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். அப்படி ஒரு முறை இருக்கிறது, எக்ஸோம் என்று பெயர், புரதக் குறிப்புப் பகுதியை மட்டும் வாசிப்பது. டேட்டா பத்தில் ஒரு பங்குக்கும் குறையும். ஒரே மரபணு கெட்டு வருகிற அரிய நோய்களைத் தேடும்போது நல்ல தொடக்கம், நானே முதலில் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீரிழிவு, இதய நோய் போன்றவற்றோடு சம்பந்தப்பட்ட இடங்களில் பத்தில் ஒன்பது புரதக் குறிப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. லாக்டேஸ் எழுத்தும் எக்ஸோமில் சிக்காது. உங்கள் கேள்வி எது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுத் தெரிவு செய்யுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் இன்னும் வாசிக்கக் கொடுக்கிற நேரம் வரவில்லை.

முழு ஜீனோம் எடுத்தால் இன்னொரு தலையிடி. அதில் பாதியளவு திரும்பத் திரும்ப வருகிற துண்டுகள். ஆலு என்ற 300 எழுத்துத் துண்டு மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் பிரதிகள். 150 எழுத்து வாசிப்பு ஒன்று அதற்குள் முழுதாக விழுந்தால் அது எந்த ஆலு என்று எப்படிச் சொல்வது? பிரித்தறிய முடியாவிட்டால் மென்பொருள் ஓர் இடத்தில் போட்டுவிட்டுப் பொருந்தல் தரம் பூச்சியம் என்று எழுதும். அந்தப் பூச்சிய வாசிப்புகளை வைத்து "புதிய விகாரம் கண்டுபிடித்தேன்" என்று வராதீர்கள், முதலில் அந்தப் புள்ளியைப் பார்த்து அவற்றை வடிகட்டுங்கள். இதே காரணத்தால்தான் 2003இல் முடிந்தது என்று சொல்லப்பட்ட மனித ஜீனோமில் ஏறத்தாழ 8 வீதம், 20 கோடி எழுத்து, 2022 வரை நிரப்பப்படாமல் கிடந்தது. நீண்ட துண்டாக வாசிக்கும் இயந்திரங்கள் வந்தபிறகுதான் அது முடிந்தது.

எச்சில் போத்தல் வந்தால்

ரொறன்ரோவில் இருக்கிற மாமாவின் மகள் பரிசாக ஒரு டிஎன்ஏ சோதனைப் பெட்டி அனுப்புவார், எச்சில் துப்பித் திருப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்லுமாம். பழகுவதற்கு என் டேட்டாவையே பாவிக்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது உங்கள் டேட்டா மட்டும் என்று நினைக்கவேண்டாம். 2018இல் அமெரிக்காவில் பழைய கொலைகாரன் ஒருவனைப் பிடித்தது அவன் கொடுத்த மாதிரியால் இல்லை, தூரத்து உறவினர்கள் ஒரு தளத்தில் ஏற்றி வைத்த டேட்டாவால். 2023இல் டுவென்ரித்ரீ அண்ட் மீ நிறுவனத்தில் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025இல் அதே நிறுவனம் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. மச்சான் மச்சாளுக்குள் கலியாணம் கட்டிய ஊரில் ஒருவருடைய ஜீனோம் என்பது பாதிக் குறிச்சியின் ஜீனோம், பெயரை அழித்துவிட்டேன் என்பதெல்லாம் பெரிய காப்பு இல்லை. உறவினர் டேட்டாவைக் கலக்ஸியில் ஏற்றமுன் அவர்களைக் கேளுங்கள். ஆய்வுக்கு என்றால் கம்பஸ் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு போத்தலும் திறக்கவேண்டாம். பழகுவதற்கு அந்த 102 பேரின் பைல்கள் தாராளமாகக் காணும், அவர்கள் சம்மதித்துக் கொடுத்தவர்கள்.

தம்பி போகும்போது வாசலில் நின்று, "அப்ப அந்த வெங்காயம் இவ்வளவத்தையும் வச்சு என்ன செய்யுது அண்ணை?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, எறியவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை. வெங்காயத்தின் ஜீனோமும் களஞ்சியத்தில் இருக்கிறது, போய்ப் பாரும், ஆனால் முழுசா இறக்காதையும் என்று சொல்லி அனுப்பினேன்.